ஒப்பீட்டுக் கிணறு

மார்ச் 3

இறைச்சிக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குழியில், நிலத்தடியில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்க, இன்று பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினோம். ஐந்து வருடத்துக்கு முன் ஒரே மழையில் தரை உள்வாங்கி விழுந்த குழி. கூடத்தைக் கழுவும் தண்ணீர் அன்றிலிருந்து அதற்குள்தான் போகிறது. "எவ்வளவு ஊத்தினாலும் நிறையவே மாட்டேங்குது மேடம்" என்றார் மேலாளர், ஏதோ வரம் கிடைத்த மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறையவில்லை என்றால் வேறெங்கோ போகிறது என்றுதானே அர்த்தம்?

சரிவைப் பார்த்தால் கிழக்கே, ஆற்றோரக் கிணறுகளுக்கு. பதினொரு கிணற்றிலும் கரிப்பொட்டலம் தொங்கவிட்டோம். சாயம் வந்தால் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்க்க, சாயம் வரவே வராத கிணறு ஒன்றும் வேண்டும். குன்றுக்கு மேற்கே ஏழு கிலோமீட்டர் தள்ளி அக்கா வீட்டுக் கிணறு. மதியச் சாப்பாடும் ஆயிற்று.

மார்ச் 4

மழை. வேலை இல்லை.

மார்ச் 6

பொட்டலங்களை எடுத்து வந்தேன். அக்காவின் சின்ன மகளுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு, இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவை. வெளியே கண்டதையும் தின்கிறாள் என்று அக்கா திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

மார்ச் 7

கிழக்கே பதினொன்றிலும் சாயம் இல்லை. அக்கா கிணற்றில் இருக்கிறது.

ஆய்வகத்துக்காரர் சொன்னதும் சிரித்துவிட்டேன். சாயம் கரைத்த கையோடு பொட்டலத்தைத் தொட்டிருப்பேன், வேறென்ன? சாயங்காலம் போய்க் கிணற்றுத் தண்ணீரையே பாட்டிலில் பிடித்தேன். "திரும்பவும் எதுக்குடி?" என்றாள் அக்கா. "சும்மா" என்றேன். சின்னவள் என் எதிரில்தான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 8

பாட்டிலிலும் சாயம். என் கையில் தப்பில்லை.

மூன்றே நாளில், குன்றுக்கு அடியில் புகுந்து, ஏழு கிலோமீட்டர். சாயத்தால் கெடுதல் இல்லை. ஆனால் சாயம் வந்த வழியில்தானே அந்தக் கழுவுதண்ணியும் – ஐயோ. இந்த மாதிரிச் சுண்ணாம்புப்பாறையில் மேல் சரிவை நம்பாதே, உள்ளே அரித்த வழியில்தான் தண்ணீர் போகும் – வருஷா வருஷம் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்றவளே நான்தானே?

வீடு வாங்கும் முன் அக்கா என்னிடம்தான் கேட்டாள். "கண்ணை மூடிக்கிட்டு குடிக்கலாம்க்கா, நடுவுல குன்று இருக்கு" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

உடனே போன் செய்தேன். மாமா எடுத்தார். சின்னவளைக் காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம்.

மார்ச் 9

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"முந்தாநேத்து தண்ணி பிடிக்க வந்தப்பவே தெரியுமா?"

"சந்தேகம்தான்க்கா."

"சந்தேகம்னு சொல்லியிருந்தா காய்ச்சியாவது குடுத்திருப்பேனே."

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அழக்கூட வரவில்லை.

மார்ச் 12

சின்னவள் வீட்டுக்கு வந்துவிட்டாள், இட்லி கேட்டாள் – மாமா சொன்னார். அக்கா என் போனை எடுப்பதில்லை. குழியில் ஊற்றுவதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போய்விட்டது. வரைபடத்தில் கிழக்கே போட்டிருந்த அம்புக்குறியை அழித்து மேற்கே போட்டேன். மேற்கே நாற்பது வீடுகள், எல்லாவற்றிலும் கிணற்றுத் தண்ணீர்தான். வீடுவீடாகப் போய்ச் சொல்லணும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

மார்ச் 14

அக்கா தெருவின் கோடியிலிருந்து ஆரம்பித்தேன். முதல் வீட்டு அம்மா நான் பேச்செடுப்பதற்குள், "கிணத்துத் தண்ணிதானே? நாலு நாளா தொடறதில்லை" என்றார்.

"யார் சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரியில இருந்த அந்த பொண்ணோட அம்மா. பொண்ணை அங்க விட்டுட்டு, ஒரு வீடு விடாம வந்து சொன்னாங்க. எப்படி நம்பறதுன்னு கேட்டதுக்கு, என் தங்கச்சி இதுலதான் வேலை பாக்கறா, அவ சொன்னா சரியா இருக்கும்னாங்க."

நாற்பது வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். அக்கா இன்றைக்கும் போனை எடுக்கவில்லை.