பரியாசக்காரன் பக்கத்து இடம்

அக். 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். தறியில் பாவு நூல் ஈரம் வாங்கிக்கொண்டு முரண்டு பிடிக்கிறது. தறியில் உட்காரவில்லை. உட்கார்ந்தும் பிரயோஜனம் இல்லை. கோர்வைச் சேலை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு ஆள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நடக்கும். வலப்பக்கம் நான். இடப்பக்கம், கரை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள என் வீட்டுக்காரி ராணி. கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான் அவள் இடம். இப்போது காலி. பூனை படுத்திருக்கிறது. அதற்கு நாடா தள்ளத் தெரியாது.

பேச்சுக்கு ஆளில்லை. அதனால்தான் இந்த டைரி. நெசவாளர் சொசைட்டியில் கொடுத்தது, சட்டைப் பையில் அடங்கும். அஞ்சாம் கிளாஸ் எழுத்து. யார் பார்க்கப் போகிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். போன மாசம் சபையில் சாட்சி சொல்ல எழுந்தேன். பாஸ்டர் இரண்டு மணி நேரம் பிரசங்கம் பண்ணி முடித்திருந்தார். “அய்யா பரலோகத்துக்கு வழி காட்டிக்கினே இருந்தாரு, நான் பாத்ரூமுக்கு வழி தேடிக்கினே இருந்தேன். ரெண்டும் கெடைச்சிது, ஸ்தோத்திரம்” என்றேன். சபையே சிரித்தது. எல்லாரையும்விட சத்தமாக ராணி.

பாஸ்டர் என்னைக் கூப்பிடவில்லை. அவளைக் கூப்பிட்டார். பரியாசம் பண்ணுகிறவன் இருக்கும் இடத்தில் உட்காரக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறதாம். உன் புருஷன்தான் அந்தப் பரியாசக்காரன், அவன் பக்கத்தில் உட்காராதே என்றாராம். தறிப்பலகையை விட்டு எழுந்தவள்தான். சாப்பாடும் தனி. “யோவ்” என்று கூப்பிட்டவள் “நீங்க” என்கிறாள். மரியாதை இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது.

அக். 28, செவ்வாய்

வெயில் கொஞ்சம். எதிர் வீட்டுக் குப்புசாமியைப் பிடித்து இடப்பக்கம் உட்கார வைத்தேன். நல்ல மனுஷன். முழங்கை மட்டும் என் விலாவில். நான் மிதித்தால் அவன் தும்முகிறான், நான் நிறுத்தினால் அவன் தள்ளுகிறான்.

“இன்னாபா, மாடு பூட்ன மாதிரி இழுத்துக்கினு போற?” என்றான்.

“நீ ஒரு பக்கம் போற, நான் ஒரு பக்கம் போறேன். சேலைய கட்றவ எந்தப் பக்கம் போவா?”

மத்தியானத்துக்குள் எழுந்து போய்விட்டான். நெய்தது நாலு விரல். மூன்று விரலைப் பிரித்தேன்.

ராணி பின்கட்டில் ராட்டையில் தார் நூல் சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். மாடு என்ற இடத்தில் ராட்டைச் சத்தம் நின்றது. சிரித்தாளோ? எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

வாங்க: தீப்பெட்டி. பூண்டு. ராணி முட்டிக்குத் தைலம் (கேட்கவில்லை, நானாக).

வரதர் கோயில் பக்கம் மேளம். நல்லவேளை, யாரோ சத்தம் போடுகிறார்கள்.

அக். 30, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

இன்று மச்சான் தேவராஜ் வந்தான். ராணிக்கு அண்ணன். அவனுக்கும் இந்தக் கூத்து பிடிக்கவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்து அவளுடைய வேதப்புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பினான்.

“இந்தாங்க மாப்ள. பொண்டாட்டி புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு இருக்குது. இத காட்டுங்க. ‘நான் சொல்றேன், வந்து உட்காரு’ன்னு சொல்லுங்க. அப்புறம் அவ இன்னா செய்வா? பாஸ்டரே வாய மூடிக்கணும்.”

“ஒரு வசனத்தால எழுந்தவள இன்னொரு வசனத்தால உட்கார வெக்கிறதா?”

“ஆமா. முள்ள முள்ளாலதான் எடுக்கணும்.”

போகும்போது இன்னொன்றும் சொன்னான். தென்னேரியில் சபைக்குப் புதுசாக ஜெப வீடு கட்டியிருக்கிறார்கள். அங்கேயே தங்கி ஊழியம் செய்ய ராணியை அனுப்பப் பார்க்கிறாராம் பாஸ்டர். என்னிடம் அவள் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு பட்டு இழையை வைத்து மூடினேன். சிவப்பு இழை.

நவ. 1, சனி

ராத்திரி முழுக்க மழை. இன்று அந்த வசனத்தைக் காட்டிவிடுவது என்று எழுந்தேன். எட்டு முறை சொல்லிப் பார்த்தேன், பூனையிடம். பூனை கீழ்ப்படிந்தது.

ராணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “ராணி, ஒரு வசனம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சட்டென்று கையைத் துடைத்தாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டாள். எழுந்து, தலையைக் குனிந்து, நின்றாள். பாஸ்டர் முன்னால் நிற்பது மாதிரியே. விரலிலிருந்து அரிசித் தண்ணீர் சொட்டுகிறது. நான் என்ன சொன்னாலும் செய்துவிடுவாள். தெரிந்துபோயிற்று.

வேதத்தை மூடினேன்.

“இன்னா வசனங்க?”

“ஒண்ணுமில்ல. கண்ணாடிய இதுக்குள்ள வெச்சிட்டேனான்னு பார்த்தேன்.”

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

தறியில் தனியாக உட்கார்ந்து ஜெபம். ஆண்டவரே, நீர் கல்யாண வீட்டு விருந்துக்கெல்லாம் போனவர். அங்கே யாரும் கேலி பேசாமலா இருந்திருப்பார்கள்? உம்மேல் எனக்குக் கோபம் இல்லை. உம் பேருக்குப் பூட்டு கிடையாது, எவனும் எடுத்துக்கொண்டு போகலாம், நீர் என்ன செய்வீர். அவளை என் பக்கத்தில் உட்காரவையும் என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. நீரும் அவளை உத்தரவு போட்டு உட்கார வைக்க வேண்டாம். அவளுக்குத் தோன்றினால் போதும். சீக்கிரம் தோன்றினால் நல்லது. ஆமென்.

நவ. 2, ஞாயிறு

சபையில் திருவிருந்து. அப்பத்தட்டு என் வரிசைக்கு வந்தது. என்னைத் தாண்டிப் போனது. கையை நீட்டியவன் தலையைச் சொறிந்துகொண்டேன். சின்னத் துண்டுதான். அதற்கு இவ்வளவு பசி.

பெண்கள் பக்கம் பாயில் ராணி. வெள்ளைச் சேலை, முக்காடு. ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறவன் பெண்டாட்டி. அழகாகத்தான் இருந்தாள். யாரிடம் சொல்வது?

கடைசியில் பாஸ்டர் அறிவிப்பு. ராணி அம்மாவுக்கு ஆண்டவர் அழைப்பு கொடுத்திருக்கிறார், நாளை முதல் தென்னேரி. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

வாசலில் செருப்பு தேடும்போது இரண்டு பெண்கள்:

“தென்னேரில சமைக்கறவ நின்னுட்டாளாம்டி.”

“அதான் அக்காவுக்கு அழைப்பு வந்துகீது.”

வீட்டில் அவள் பை கட்டினாள். நான் தைலப் புட்டியை உள்ளே போட்டேன். அவள் எடுத்து வெளியே வைக்கவில்லை. அது போதும் இன்றைக்கு.

நவ. 3, திங்கள்

தூறல். பஸ் ஸ்டாப் வரைக்கும் பையை நான் தூக்கினேன்.

“எத்தினி நாளு?”

“ஆண்டவர் போதும்னு சொல்ற வரைக்கும்.”

போன் பண்ணிச் சொல்வாரா என்று வாய் வரைக்கும் வந்தது. முழுங்கினேன்.

தென்னேரிக்கு வழி, வாலாஜாபாத் பஸ். ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் கீழே. பஸ் கிளம்பவில்லை. டிரைவர் டீ குடிக்கிறார், ஆண்டவர் அவரை ஆசீர்வதிப்பாராக.

“அண்ணன் சொல்லிச்சி. உங்ககிட்ட ஒரு வசனம் இருக்குதாமே. ஏன் காட்டல?”

“காட்டினா நீ இருந்துடுவ.”

“இருந்திருப்பேன்.”

“அப்படி வேணாம்.”

அவள் என்னையே பார்த்தாள். ஏதாவது கேலி வரும் என்று பார்த்தாளோ என்னவோ. நானும்தான் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது:

“போகாத ராணி. வசனமெல்லாம் இல்ல. நீ இல்லாம எனக்கு முடியல.”

அவளுக்குப் பக்கத்து சீட்டில் கீரைக்கூடையோடு ஒரு அம்மா. “அட பாவமே” என்றது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முதல் தடவையாக நான் பேசி யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் வந்து ஹாரன் அடித்தார்.

“நனையிறீங்க. ஏறுங்க” என்றாள்.

ஏறினேன். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் அவளுக்கு இலவச டிக்கெட் கிழிக்க வந்தார்.

“எங்கம்மா?”

அவள் வெளியே பார்த்தாள். மறுபடி கேட்டார்.

“ஐயம்பேட்டை,” என்றாள். “அவருக்கும்.”

ஐயம்பேட்டை பாதி வழி. அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. சொந்தம் இல்லை, சபை இல்லை, ஒரு வேலையும் இல்லை. நான் காசை எடுத்து நீட்டினேன்.

இப்போது ஐயம்பேட்டை. டீக்கடை. நின்றபடியே எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் வாய் ஏதாவது சொல்லிவிடும். கடைக்காரர் இரண்டு டீ போடுகிறார். எங்கள் ஊருக்குத் திரும்புகிற பஸ் ஒன்று போய்விட்டது, தென்னேரிப் பக்கம் ஒன்று போய்விட்டது. அவள் இரண்டுக்கும் கை காட்டவில்லை. என்ன நினைக்கிறாள், தெரியாது. கேட்க மாட்டேன்.

பெஞ்செல்லாம் மழைத் தண்ணீர். முந்தானையால் துடைக்கிறாள். ஒருத்தர் உட்காரும் அளவுக்குத் துடைத்துவிட்டாள். நிற்கிறாள். பக்கத்தில் இன்னும் கொஞ்சம் துடைக்கிறாள்.