ரூபியா ஜாக்கெட்டும் மைதா மூட்டைத் துணியும்

இரண்டு நாளாக என் அறைக் கதவில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்குகிறது. என் கடைசித் தங்கச்சி மகளுடையது. சென்னையில் ஏதோ கம்பெனியில் இன்டர்வியூவாம், கோட்டு போட்டுக்கொண்டுதான் வர வேண்டுமாம். நேற்றுக் காலையில் மூன்று சட்டைகளைக் கட்டிலில் பரப்பிவைத்து, "பெரிம்மா, கோட்டுக்கு உள்ள எதப் போடட்டும்? இந்த வெள்ளை மெல்லிசா இருக்கே, உள்ள போட்டிருக்கறது தெரியுமா?" என்று கேட்டாள்.

சின்னப் பிள்ளை கேட்ட சாதாரணக் கேள்விதான். "குடு, இஸ்திரி போட்டுத் தரேன்" என்று சட்டையை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். தண்ணீர் தெளித்த வெள்ளைத் துணியில் சூடான பெட்டி பட்டதும் ஒரு வாசம் வந்தது பார், அது அப்படியே நம்முடைய அரியலூர் பஸ்ஸின் வாசம். நீ என் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தாயே, அந்த வாசம்.

நீ போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. செத்தவளுக்கு எதற்கடி கடுதாசி என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லத் துப்பில்லாதவள் இப்படித்தான் எழுதிக் கிடக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசி அது. குரும்பலூரில் எங்கள் வீடு ஊருக்கு நடுவில், உங்கள் தெரு ஊர் முடிந்து ஏரிக்கரையைத் தாண்டி. விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து இரண்டு பேரும் பெரம்பலூருக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் போவோம். உன் அம்மா கூலிக்குப் போய்க் கட்டிய பீஸ் அது. என் அப்பா வரப்பில் நின்றுகொண்டு வேலை வாங்குவார், உன் அம்மா அதே வயலில் குனிந்து களை எடுப்பாள். நாம் இரண்டு பேரும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போவோம். அதை நினைத்து நான் அன்றைக்கு எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா! பெரிய தாராள மனசுக்காரி என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு.

கிளாஸ் சார் நம்மைப் பற்றிச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "இந்தப் பொண்ணு விரல் ஓடுது, உன் விரலு நடக்குதும்மா" என்றார். ஓடிய விரல் உன்னுடையது. எனக்கு அது சுருக்கென்று தைத்தது. தைத்ததை நான் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸிலிருந்து இரண்டு பேருக்கும் கார்டு வந்தது. அரியலூரில் ஒரு ஆபீஸ், டைப்பிஸ்ட் வேலை. இடம் ஒன்றே ஒன்று.

முந்தின நாள் சாயங்காலம் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். எப்போதும் போலக் கொல்லைப்புறமாக வந்து, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் துணி காயும் கொடியோரமாக நின்றாய். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒருநாளாவது வாசல் வழியாக உன்னைக் கூப்பிட்டிருப்பேனா? நீ குரல் கொடுத்தும் நான் வரக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். நான் வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாய்.

"ஏ, ஒரு ஒதவி செய்வியா? சிரிக்கப்படாது."

"சொல்லுடி."

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் உன் பாடி ஒண்ணு குடுடி. அண்ணன் வாங்கியாந்த வெள்ளை ரூபியாத் துணியிலதான் ஜாக்கெட்டு தச்சேன். போட்டுப் பாத்தா உள்ள எல்லாம் தெரியுது. ஆம்பளைங்க முன்னால போயி எப்புடிடி ஒக்காருவேன்?"

உங்கள் வீட்டில் யாரும் ஜாக்கெட்டுக்குள்ளே பாடி போட்டுக்கொண்டதில்லை. உன் அம்மா வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேலே உன் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு போவாள். வெயிலுக்கும் அதுதான், சோளத் தோகை அறுக்காமலிருக்கவும் அதுதான். உள்ளே தனியாக ஒன்று போட வேண்டும் என்பதே அந்த வீட்டுக்குப் புதிது. எனக்கு இரண்டு இருந்தன. என் அண்ணி திருச்சியில் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டு வந்தது. துவைத்தால் அதை வெளியில் தெரியும்படி கொடியில் போடக் கூடாது. கொடியில் போட்டு, அதன் மேலே ஒரு துண்டையோ பாவாடையையோ விரித்து மறைத்துத்தான் காயவைப்போம். இரண்டில் ஒன்றை நாளைக்குப் போட மடித்து உள்ளே வைத்திருந்தேன். இன்னொன்று அந்தக் கொடியில்தான் அப்பாவின் துண்டுக்குக் கீழே காய்ந்துகொண்டிருந்தது.

"அய்யய்யோ, ரெண்டையும் இப்பத்தான்டி தொவைச்சுப் போட்டேன். சொட்டச் சொட்ட ஈரமா கெடக்கே" என்றேன். எவ்வளவு வாகாக வந்தது அந்தப் பொய்! நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். "சரி வுடு. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

என் அம்மாவுக்குப் பயந்துதான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே கதை விட்டுக்கொண்டிருந்தேன். 'அவ உடம்புல பட்டத நீ திருப்பிப் போடுவியாடி' என்று அம்மா கேட்பாள், அதற்குப் பயம் என்று. அம்மா கேட்டிருப்பாள்தான். ஆனால் அன்றைக்கு அம்மா வீட்டிலேயே இல்லை, சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டது என் மனசுதான். அதோடு ஒட்டிக்கொண்டு, 'இவ விரல் ஓடுமே, இடம் ஒண்ணுதானே' என்ற நினைப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தன.

மறுநாள் பஸ்ஸில் ஏறியபோது உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் காதோரமாகக் குனிந்து, "நானே தச்சிட்டேன்டி!" என்றாய். பஸ் ஸ்டாண்டு புரோட்டாக் கடையில் வெறும் மைதா மூட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, பிரித்து, சலவைச் சோடா போட்டு ஊறவைத்துத் தேய்த்து, கையாலேயே தைத்தாயாம். "நல்ல கெட்டித் துணிடி. மூட்டையில இருந்த எழுத்தெல்லாம் போயிருச்சு. முன்னால பாரு, ஏதாச்சும் தெரியுதா?" முன்னால் ஒன்றும் தெரியவில்லை. நீ முன்பக்கத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டாய். நாம் எல்லோரும் அப்படித்தானே வளர்ந்தோம்.

சித்திரை வெயில். அரியலூரை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வந்தன. தூசி வருகிறதென்று ஜன்னலை அடைத்தார்கள். பஸ்ஸுக்குள் எல்லோரும் வெந்து போனோம். ஆபீஸுக்கு நடந்து போய் வராந்தா பெஞ்சில் உட்காரும்போது நம் இருவர் முதுகும் தொப்பலாக நனைந்திருந்தது.

உன் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நீ எழுந்தாய். அப்போதுதான் உன் முதுகைப் பார்த்தேன். வேர்வையில் ரூபியா முதுகோடு ஒட்டி, உள்ளே இருந்த மூட்டைத் துணியும் நனைந்து, மங்கலான சிவப்பில் எழுத்து தெரிந்தது. மில் முத்திரை பாதி வட்டம். அதற்குக் கீழே இங்கிலீஷில் தொண்ணூறு கிலோ.

நேரம் இருந்ததடி. பியூன் உன் கார்டை வாங்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாய். கொசுவத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாய். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். நான் கையைத் தூக்கி 'போயிட்டு வா' என்று காட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

டைப் அடிக்கிற மேஜை ஜன்னலோரமாகச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. கேள்வி கேட்கிற மூன்று பேரும் உனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பாதி திறந்த கதவு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. உன் விரல் மழை மாதிரி ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் குனிந்து மற்றவரிடம் ஏதோ காட்டினார். "தொண்ணூறு கிலோ இருக்காது போலருக்கே சார்" என்று மூன்றாமவர் சொல்ல, சிரித்தார்கள். உன் விரல் ஒரு கணம் நின்றது. நீ திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தாய். அதற்குப் பிறகு அது ஓடவில்லை. தட்டித் தடவி நடந்தது.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததும் நீ சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா? "ஏ, அந்த மிஷின்ல ஸ்பேஸ் பாரு மாட்டுது. அழுத்தித் தட்டு, இல்லாட்டி வார்த்தையெல்லாம் ஒட்டிக்கும்." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டாய், "ஏன்டி அவுங்க சிரிச்சாங்க?"

"தெரியலையே" என்றேன்.

நான் போய் அழுத்தி அழுத்தித் தட்டினேன். தப்பில்லாமல் அடித்தேன். வேலை எனக்குக் கிடைத்தது. அந்த எழுத்தால்தான் உனக்குக் கிடைக்காமல் போனது என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் உன் விரல் நின்ற அந்தக் கணத்தை நான் பார்த்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நம் பின் சீட்டில் ஒரு கத்தரிக்காய்க்காரம்மா. "ஏ பொண்ணு, முதுகுல என்னமோ எழுதியிருக்கே, பாக்கலியா? கூட வந்தவளாச்சும் சொல்லப்படாதா?" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். நீ சடாரென்று முந்தானையை இழுத்துத் தோளோடு சுற்றிக்கொண்டாய். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். பெரம்பலூர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாய். உன் முந்தானை நுனி உன் கைக்குள் சுருண்டு சுருண்டு கசங்கியதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து நீ சேலைக்கு மேல் சட்டை இல்லாமல் வெளியே வந்து நான் பார்க்கவில்லை. பெரம்பலூர் கோர்ட் வாசலில் புங்க மரத்தடியில் மிஷின் போட்டு மனு அடித்துக் கொடுக்க உட்கார்ந்தாய். அங்கேயும் அந்த முழுக்கைச் சட்டைதான். "களையெடுக்கப் போறவ மாதிரி வந்து ஒக்காந்திருக்கா பாரு" என்று வக்கீல் குமாஸ்தாக்கள் கேலி பேசுவார்கள். எத்தனையோ தரம் அந்த வழியாகப் போயிருக்கிறேன். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு தடவைகூட நின்று அவர்கள் வாயை அடைக்கவில்லை.

எண்பதுகளின் பாதிக்கு மேல் எனக்கு வந்த மாற்றலை ரத்து பண்ணச் சொல்லி ஒரு மனு அடிக்க வேண்டியிருந்தது. ஆபீஸ் மிஷினில் அடிக்க முடியாத மனு. வேறு ஆளா இல்லை? கால் உன்னிடம்தான் வந்தது. நீ பேப்பரைச் செருகிக்கொண்டே குழந்தைகளை விசாரித்தாய், வெயிலைத் திட்டினாய், டீ வரவழைத்தாய். நடுவில் தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்.

"கொடியில துண்டுக்குக் கீழ கெடந்துச்சுடி. நீ வர நேரமாச்சா, சும்மா தொட்டுப் பாத்தேன். மொறமொறன்னு காஞ்சிருந்துச்சு. காஞ்சிருக்கேன்னுதான் கேட்டேன்."

கேட்பதற்கு முன்பே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாய். நான் பொய் சொல்வது அந்த நிமிஷமே உனக்குத் தெரியும். தெரிந்தே மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். தெரிந்தே ஸ்பேஸ் பாரைப் பற்றிச் சொன்னாய். எப்படியடி முடிந்தது உன்னால்? "அது வந்து..." என்றேன். "தேதி என்ன போடட்டும்?" என்றாய் நீ. தேதியைச் சொன்னேன். மன்னிச்சுக்கடி என்று சொல்லவில்லை. அதன் பிறகும் எத்தனை வருஷம் நீ இருந்தாய். பஸ் ஸ்டாண்டில் பார்ப்போம், கல்யாண வீட்டில் பார்ப்போம். நல்லாருக்கியா, நல்லாருக்கேன். அதோடு சரி.

போன மாதம் சேதி வந்து உங்கள் தெருவுக்கு வந்தேன். உன் வீட்டுக்குள் நான் வந்தது அதுதான் முதல் தடவை. யாரும் என்னைக் கொல்லைப்பக்கம் போகச் சொல்லவில்லை. உன் மருமகள் நாற்காலி எடுத்துப் போட்டாள். உனக்குப் புதுச்சேலை உடுத்தியிருந்தார்கள். அந்தச் சட்டை ஆணியில் தொங்கியது. நான் உன் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். வராந்தா பெஞ்சில் எந்தப் பெண் வந்து உட்கார்ந்தாலும், உள்ளே போகுமுன் முதுகைப் பார்த்துவிடுவேன். பாடிப் பட்டி தெரிந்தால் சொல்வேன், ஊக்கு விட்டிருந்தால் நானே மாட்டி விடுவேன். 'அந்தம்மாவுக்கு என்ன நல்ல மனசு' என்று பேர் எனக்கு. கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

இன்று காலை தங்கச்சி மகள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோட்டை மாட்டப் போனாள். "இருடி, மொதல்ல திரும்பி நில்லு, முதுகைக் காட்டு" என்றேன். "கோட்டு போட்டா முதுகு யாருக்குத் தெரியும் பெரிம்மா?" என்று சிரித்தாள். "அங்க வெக்கையா இருந்தா கழட்டுவ. திரும்பு." திரும்பி நின்றாள். ஒன்றும் தெரியவில்லை. சுத்தமாக இருந்தது. "ஒண்ணுமில்ல, போயிட்டு வாடி கண்ணு" என்று அனுப்பிவைத்தேன்.

அவள் தெரு முனை திரும்பிய பிறகும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அப்போது, கேட்க யாரும் இல்லாத அந்த வாசலில் நின்றுகொண்டு, வாய்விட்டே சொன்னேன். கண்ணுக்குள் அந்த அரியலூர் வராந்தா, பியூன் கார்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நீ செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய்.

"ஏ, நில்லுடி. முந்தானையைச் சுத்திப் போட்டுக்கிட்டுப் போ. முதுகுல எழுத்து தெரியுது."