அடுத்தாத்துச் சாளக்கிராமம்

ஜூலை 3, 2024, புதன்

மாடி வீட்டுக்குப் போய் எல்லாக் குழாயையும் ஐந்து நிமிஷம் திறந்துவிட்டு வந்தேன். வாரம் ஒரு தடவை செய்ய வேண்டும் என்று சுந்தரராமன் மாமா தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரும் விசாலாக்ஷி மாமியும் அமெரிக்காவில் பெண் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. இன்வெர்ட்டருக்குத் தண்ணீர், கார்ப்பரேஷன் வரி, எல்லாம் அந்தத் தாளில் உண்டு. அதெல்லாம் எனக்கு ஒரு பாரமில்லை.

சாளக்கிராமம்தான் பயம். வெள்ளிச் சம்புடத்தில் ஐந்து கறுப்புக் கல். தினமும் அபிஷேகமும் நைவேத்யமும் ஆக வேண்டும், ஒரு நாள்கூடப் பட்டினி போடக் கூடாது. அதனால் பூட்டிய வீட்டில் விடாமல் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். "சங்கரா, உன்னை நம்பித்தான்" என்று இவர் கையில் வைத்தார் மாமா. இரவல் கொடுத்த தம்பூராவில் ஒரு கீறல் விழுந்ததற்காகச் சொந்தத் தம்பியோடு பதினோரு வருஷம் பேசாமலிருந்த மனுஷன் அவர்!

பெண்கள் தொடக் கூடாது. நான் நாலடி தள்ளியே நிற்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

மாமிக்கு அங்கே போன மாதம் மூளையில் ரத்த அடைப்பாம். இன்றுதான் சொல்கிறார்கள். வீடியோவில் பேச்சு இழுத்து இழுத்து வருகிறது, கண்ணும் பாதி தெரியவில்லையாம். அதிர்ச்சியாக எதுவும் சொல்லக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. "அந்தச் சின்னது... எங்கப்பா மடியில கட்டிண்டு வந்தது... பத்திரம் ஜலஜா" என்றாள். ஐந்தில் சின்னது நெல்லிக்காய் அளவுதான் இருக்கும்.

ஜூலை 11, வியாழன்

அடையாறு ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். காலையில் குளித்துவிட்டு வந்த இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்சில் ஏற்றும்போதும் அதே நினைப்பு. "பூஜை ஆகலை. அரிசிக்குள்ள வெச்சுடு. கையால தொட்டுடாதே." அரிசிக்குள் இருந்தால் பட்டினிக் கணக்கு இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். புடவைத் தலைப்பால் சம்புடத்தைப் பிடித்து அரிசி டிரம்முக்குள் கவிழ்த்துவிட்டு ஓடி வந்தேன்.

உள்ளே என்னமோ மெஷின் கத்துகிறது. இவரைக் காப்பாத்திக் குடுத்துடு பெருமாளே, வேற எதுவும் கேக்க மாட்டேன்.

ஜூலை 15, திங்கள்

ஸ்டென்ட் வைத்தாயிற்று. கண்ணைத் திறந்து காப்பி கேட்டார். கிடையாது என்றேன்.

வீட்டுச் சாவி வேலைக்கு வருகிற மீனாட்சியிடம் இருக்கிறது. வந்து பெருக்கிவிட்டுத் துளசிக்குத் தண்ணீர் விடுகிறாள். "இந்த மாச அரிசிய நானே எட்த்துக்கவாம்மா?" என்று போனில் கேட்டாள். எடுத்துக்கோ என்றேன். இரண்டு கிலோ, மாதாமாதம் கொடுப்பதுதான்.

ஜூலை 20, சனி

நேற்று வீடு திரும்பினோம். இன்று காலை மெதுவாகக் குளித்துவிட்டு டிரம்முக்குள் கையை விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. துழாவினார். பெரிய தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டினோம், பிறகு தரையில் வேஷ்டியை விரித்து மொத்தத்தையும் கொட்டினோம். நான்குதான். சின்னது இல்லை.

அப்போதுதான் எனக்கு மீனாட்சியின் போன் ஞாபகம் வந்தது. அதே டிரம். அதே அரிசி. நானே, என் வாயாலேயே, எடுத்துக்கோ என்று சொன்னேனே! புத்தி எங்கே போச்சு எனக்கு? தனியா ஒரு பாத்திரத்துல ரெண்டு பிடி அரிசி போட்டு வெச்சா என்ன? அதுக்குக்கூடவா நேரமில்லை?

இவருக்கு வியர்த்துவிட்டது. மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன்.

ஜூலை 22, திங்கள்

இரண்டு நாளாக மீனாட்சி போனை எடுக்கவில்லை, இன்று வந்ததும் கேட்டேன். "ஆமாம்மா, கறுப்பா ஒரு கல்லு கெடந்துச்சு. இன்னாடா இது அரிசில இத்தாம் பெரிய கல்லு கீதேன்னு பொறுக்கிப் போட்டுட்டேன். கட்ச்சிருந்தா பல்லு இன்னாத்துக்கு ஆவும்?"

எங்கே போட்டாய் என்றேன். "எங்கூட்டு வாசல்ல, காவாய்ல."

விஷயத்தைச் சொன்னதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "சாமின்னு எனுக்கு எப்டிம்மா தெரியும்?" என்று அழுதாள். அவளை என்ன சொல்ல? அரிசியில் கல் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

ஜூலை 23, செவ்வாய்

பறக்கும் ரயிலில் அவளோடு சிந்தாதிரிப்பேட்டை போனேன். அவள் வீட்டு வாசல் சாக்கடையில் குச்சியை விட்டுக் கிளறினோம். எதிர்வீட்டுக்காரி வேடிக்கை பார்த்துவிட்டு, "இன்னா தேட்றீங்கோ? நேத்துதான் கார்ப்பரேஷன்காரன் வாரிப் போட்னு போனான்" என்றாள்.

திரும்பும்போது மயிலாப்பூர் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 31, புதன். ஏகாதசி

வீடியோவில் தரிசனம் கேட்டார்கள். இவர் துளசியையும் நந்தியாவட்டையையும் மேலே குவித்து, தூர நின்று காட்டினார். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். எண்ணினாரோ?

அவரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்றால் எப்போதும் மாமி பக்கத்திலேயே இருக்கிறாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

"மாட வீதிக் கடையில சின்னதா ஒண்ணு வாங்கி வெச்சுடலாமா?" இதைக் கேட்டது இவர். பத்து ரூபாய் சில்லறை அதிகம் வந்தால் திரும்பி நடந்து போய்க் கொடுக்கிறவர். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

போனேன். கடைக்காரர் தட்டில் பரப்பினார். நெல்லிக்காய் அளவில் ஏழெட்டு இருந்தன. எதைப் பார்த்தாலும் மாமியின் அப்பா என்னை முறைப்பதாகத் தோன்றியது. வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தூக்கமில்லை. ஆவணி அவிட்டத்துக்குள் வந்துவிடுகிறார்களாம். டிக்கெட் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 15, வியாழன்

வந்துவிட்டார்கள்.

மாமி தடியூன்றி நேரே எங்கள் வீட்டுக்குள் வந்தாள். "எங்கப்பா சௌக்கியமா, ஜலஜா?" அந்தச் சின்னக் கல்லைத்தான் அப்படிக் கேட்டாள். இவர் சம்புடத்தை நீட்டினார்.

மாமா திறந்தார். உதடு அசைய எண்ணினார். மறுபடி எண்ணினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

மூடினார். "அஞ்சும் இருக்கு, விசாலம்" என்றார்.

மாமி கை கூப்பினாள், கண்ணில் நீர். அவளை மாடியில் படுக்க வைத்துவிட்டு மாமா மட்டும் இறங்கி வந்தார். "எப்படி?" ஒரே வார்த்தை. அரிசி, மீனாட்சி, சாக்கடை, கடை, பூவைக் குவித்துக் காட்டினது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையில் பாதி புரிந்திருக்காது. "மன்னிச்சுடுங்கோ மாமா" என்றேன். படியேறிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மாமா இன்றும் பேசவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே சமையலறைக்குள் போய்விடுகிறேன். எனக்கும் பதினோரு வருஷமோ?

ஆகஸ்ட் 29, வியாழன்

காலை ஏழு மணிக்கு பெல் அடித்தது. மாமா. ஒரு கையில் வீட்டுச் சாவி, இன்னொரு கையில் சம்புடம்.

"விசாலத்தைக் காஞ்சிபுரத்துக்கு அவ அக்கா ஆத்துக்கு அழைச்சுண்டு போறேன். ரெண்டு நாள். சங்கரனைக் கூப்பிடு."

சாவியை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. மேஜைமேல் வைத்தார். இவர் வந்ததும் சம்புடத்தைத் திறந்து, "எண்ணி வாங்கிக்கோ" என்றார். இவர் எண்ணினார். நான்கு. மாமா தலையாட்டினார்.

வாசலில் டாக்ஸிக்குள்ளிருந்து மாமியின் குரல். "அஞ்சும் குடுத்தாச்சா?"

"ஆச்சு" என்றோம், மூன்று பேரும்.