மாலத்தீவுக்கு இரண்டு பேர்

வெள்ளி, இரவு.

மாலத்தீவுக்கு இன்று பணம் கட்டிவிட்டேன். மகன் காலையிலேயே போனில் கைவிரித்துவிட்டான். "லீவு இல்லப்பா, நீங்க மட்டும் போயிட்டு வாங்க." அவனோடு ஐந்து நாள் உட்கார்ந்து பேசத்தான் இந்தக் கடற்கரைப் பயணமே.

தேனி டிராவல்ஸில் இருப்பவள், நான் திராட்சை வாங்கும் தோட்டக்காரர் ஒருவரின் மகள். மகன் வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். "ஒத்த ஆளுன்னா குறைச்சுத் தாரேண்ணே" என்றாள். இரண்டு பேருக்கே போடு என்றேன். சிரித்துவிட்டாள்.

"எங்கப்பா தோட்டத்துத் திராட்சையில டன்னுக்கு அம்பது கிலோ கழிவு புடிப்பீக. இங்கன நானா குடுக்குற கழிவு வேணாங்கிறீகளே!"



இருவருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்புவரை அவன் பாஸ்போர்ட்டைக் கொடுக்கலாம். வராவிட்டால் அவன் பங்குப் பணம் திரும்பக் கிடைக்காது. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன்.