வடிவு ஒளித்து வைத்த கம்பி

வடிவு,

நேற்று மாலை முற்றத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். நாட்டுத் துப்பாக்கியோடு நான் பெஞ்சியில், தம்பி மந்திரமூர்த்தி படியில், நீ அடுப்படி வாசலில். பட்டாளத்துத் தோட்டாவை உடைத்தெடுத்த மருந்தைத் தம்பி ஓட்டுச்சில்லில் வைத்துக் கொளுத்தினான். பக்கத்தில் கொளுத்திய நம் கரிமருந்து குபீரென்று போனது. பட்டாளத்து மருந்தோ மெதுவாக எரிந்தது. "இதுல வீரியம் இல்ல, ரெண்டு பங்கு போடணும்" என்றேன். நீதான், "உலையத் திறந்து வச்சா சும்மா கொதிக்கும், மூடுனா தட்டத் தூக்கி எறியும். குழாய்க்குள்ள அடைச்சா என்ன செய்யும்னு தெரியுமா?" என்றாய். நான் சிரித்தேன். நீ மருந்து இடிக்கும் கம்பியை ஒளித்துவிட்டாய். கோபத்தில் நான் சாப்பிடவில்லை.

இன்று காலை துறைமுகத்தில் பட்டாளத்துத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கேட்டேன். "ஒரு பங்கு போட்டாலே குழாய் பிளந்து கண்ணப் பறிச்சிரும் அண்ணாச்சி! யார் தடுத்தா?" என்றார். "வீட்டுக்காரி" என்றேன். பெருமையாக இருந்தது.

பட்டாளத்து மருந்தில் பாதியைத் தம்பி நேற்றே ஆழ்வார்திருநகரிக்குக் கொண்டுபோய்விட்டான். நாளை வாழைத்தோட்டத்துப் பன்றியைச் சுட அதைத்தான் துப்பாக்கியில் போடுவான். உடனே அவனுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். நான் சொன்னால் கேட்கமாட்டான். "மதினி சொல்லுதா" என்றே தொடங்கியிருக்கிறேன்.

நெத்திலி உறியில் இருக்கிறது, பூனை பார்க்கிறது; நீ வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடு.

துப்பாக்கிக் குழாயை நீ சொல்வதுபோல் வெந்நீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவினேன். உப்புக்காற்றுக்கு வெறும் எண்ணெய்த் துணி போதாது என்பதும் சரிதான். கம்பி உன்னிடமே இருக்கட்டும்.

நீ மூடிவைத்த சோற்றில் இரண்டு பருக்கை எடுத்துத் தம்பியின் கடித உறையை ஒட்டினேன். மீதியைச் சாப்பிட்டுவிட்டேன். இன்றைய ஆழ்வார்திருநகரி பஸ்ஸுக்குப் போகும் பிச்சையா அண்ணாச்சி கையில் அதைக் கொடுத்தாயிற்று.