அன்னாசிக்குத் தடவிய எண்ணெய்

திண்டிவனம்,
ஆகஸ்ட் 1959

அன்புள்ள அம்மாவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். உங்கள் இருமல் தணிந்ததா?

ஞாயிறன்று என்னோடு வேலை பார்க்கும் பாஞ்சாலி டீச்சர் விழுப்புரத்திலிருந்து எங்கள் விடுதிக்கு ஓர் அன்னாசிப்பழம் வாங்கி வந்தாள். எனக்கு அறுக்கத் தெரியும் என்று நான்தான் முந்திக்கொண்டேன். பலாப்பழத்துக்குச் செய்வதுபோல் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவினேன்.

"ஏண்டி அற்புதம், இதுல பால் எங்க வடியுது?" என்றாள் பாஞ்சாலி. விடுதியே சிரித்தது.

"எங்கம்மா இப்படித்தான் அறுப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அன்னாசியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என் தப்பை உங்கள் தலையில் போட்டதை நினைத்து, என் பங்குத் துண்டைப் பாஞ்சாலியிடமே கொடுத்துவிட்டேன்.

தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. கடை எண்ணெய் வேண்டாம், நீங்கள் காய்ச்சியதையே கொடுத்தனுப்புங்கள். லீவுக்கு முகையூர் வரும்போது ஒரு பழம் கொண்டுவருகிறேன். அதை நீங்கள்தான் அறுக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பள்ளி மணி அடிக்கிறது.

உங்கள் மகள்
அற்புதமேரி