நெஞ்செரிச்சலுக்கு ஒரு கேள்வித்தாள்

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் நெஞ்செரிச்சல் என்று கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் ஒரு கேள்வித்தாளை நீட்டினாள். தூக்கம் கெடுகிறதா, அழுகை வருகிறதா, வாழ்க்கை வெறுத்துப்போகிறதா என்று கேள்விகள். நெஞ்செரிச்சலுக்கு இதெல்லாம் எதற்கு? முதலாளி காதுக்குப் போனால் பெட்டியைக் கட்டி ஊருக்குப் போகச் சொல்லிவிடுவார் என்று எங்கள் அறையில் தங்கியிருக்கும் பெண்களிடையே பேச்சு. எல்லாவற்றுக்கும் 'இல்லவே இல்லை' என்று டிக் போட்டுக் கொடுத்தேன்.

டாக்டரம்மா சிரித்தார். "உங்க கம்பெனி ஆளுங்க எல்லாரும் இதையேதான் போடுறாங்க. கை ஒடிஞ்சு வந்தவங்ககூட நல்லா தூங்குறேன்னு போட்டாங்க. இது முதலாளிக்குப் போகாதும்மா. ரூமுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா போடுங்க" என்று வேறு தாள் கொடுத்தார்.

அவ்வளவு அக்கறை எதற்கு? எனக்கு நம்பிக்கையில்லை. தாள் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

யாராவது இங்கே வந்தால் சின்னவளின் பழைய சட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. இனிமேல் போனில் 'எப்படி இருக்கே' என்று கேட்காதீர்கள். அதற்கும் அதே டிக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
வாயாடி